காதர்பேட்டைக் கடைகள் அடைக்கப்பட்டன

இறந்தவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதுவது யாருக்கும் கைவரும்; அந்த நாலையும் அவருடைய வீட்டார், பங்காளிகள், எதிர்க்கடைக்காரர் என்று மூன்று தரப்பும் ஒத்துக்கொள்ளும்படி எழுதுவதுதான் தொழில்.

அறுபதுகளில் நான் அந்தத் தொழிலில் இருந்தேன். திருப்பூரில் ஒரு வாரப் பத்திரிகை. நிருபர், பிழை திருத்துபவர், சந்தாவுக்கு அலைபவர் எல்லாம் நான் ஒருவனே. ஊரில் ஒரு பெரிய மனிதர் காலமானால் அவருடைய வாழ்க்கையை முக்கால் பத்தியில் அடக்கி எழுதுவதும் என் தலையில்தான் விடியும். இரங்கல் கூட்டத்தில் திடீரென்று பெயர் சொல்லிக் கூப்பிடப்பட்டு, மைக்கின் முன் நின்று வார்த்தை தேடியவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். உங்களுக்கு அது எப்போதோ ஒரு முறை. எனக்கு அதுவே பிழைப்பு. என் கஷ்டம் உங்களுக்குப் புரியும் என்ற தைரியத்தில்தான் இதைச் சொல்ல உட்கார்ந்தேன்.

யார் பிரமுகர்?

சேர்ந்த புதிதில் எனக்கு வந்த முதல் சந்தேகம் இது. ஊரில் தினமும்தான் யாராவது போய்ச் சேருகிறார்கள். யாரைப் பற்றி எழுதுவது, யாரை விடுவது? படிப்பா, பணமா, கோயில் திருப்பணியா? ஆசிரியரிடமே கேட்டேன். பத்திரிகைக்கும் அதை அச்சடித்த பிரஸ்ஸுக்கும் அவர்தான் முதலாளி. வெற்றிலையை மடித்தபடியே, காதர்பேட்டை பலகை போட்டால் எழுது, போடாவிட்டால் விடு என்றார்.

காதர்பேட்டை எங்கள் ஊர் பனியன் கடைவீதி. வடநாட்டு வியாபாரிகள்கூட வந்து மொத்தமாக வாங்கிப்போகிற இடம். அந்தக் காலத்தில் அங்கே பெரும்பாலான கடைகளுக்கு இரும்புக் கதவு கிடையாது. பலகைகளை ஒவ்வொன்றாகக் காடியில் செருகித்தான் மூடுவார்கள். கடையடைப்பதற்கே பலகை போடுவது என்றுதான் பேச்சு. பெரிய மனிதர் யாராவது காலமானால், வீட்டிலிருந்து பாடை கிளம்பியதிலிருந்து நொய்யல் கரையில் காரியம் முடிகிறவரை வியாபாரிகள் பலகை போட்டு மரியாதை செய்வது வழக்கம். வியாபாரி சங்கம் முடிவு சொல்லும், கடைகள் கேட்கும். ஊரே கண்ணீர் வடித்தால் போதாதா என்று நான் இழுத்தபோது ஆசிரியர் சொன்னார்: “அழுவறவங்கள எண்ணிப் பாக்க முடியாதுங்க தம்பி, பலகைய எண்ணிப்போடலாம்.”

கட்டி வைத்த வரி

எங்கள் கம்பாசிட்டர் பெயர் தேவசகாயம். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரியாகக் கோப்பவர். நிதானமான மனிதர், ஞாயிற்றுக்கிழமை சர்ச், மற்ற நாளெல்லாம் எழுத்துப் பெட்டி. நான் எழுதுகிற ஒவ்வொரு குறிப்பும் ‘அன்னாரின் மறைவையொட்டிக் காதர்பேட்டைக் கடைகள் எல்லாம் அடைக்கப்பட்டன’ என்றுதான் முடியும். பலகை போட்டால்தானே எழுதவே செய்கிறோம். இரண்டு மூன்று தடவை கோத்துப் பிரித்த பிறகு தேவசகாயத்துக்கு அலுத்துவிட்டது. அந்த வரியைப் பிரிக்காமல் நூலால் கட்டி ஜன்னலோரத்தில் வைத்துக்கொண்டார். பக்கம் கட்டும்போது எடுத்துக் கடைசியில் செருகுவார், அச்சானதும் கழுவித் துடைத்துத் திரும்ப ஜன்னலுக்கே அனுப்புவார். அதற்குப் பிறகு நானும் தாளில் அந்த வரியை எழுதுவதை விட்டுவிட்டேன்.

ஒரு மனிதருக்கென்று புதிதாக ஒரு வரி கோக்கக் கூடாதா, இப்படிக் கட்டி வைத்ததையே எல்லோருக்கும் வைக்கலாமா என்று ஒருநாள் கேட்டுப் பார்த்தேன். கை வேலையை நிறுத்தாமலே பதில் சொன்னார்: “ஆளுதானுங்க மாறுறாங்க, நீங்க எழுதறது மாறுதுங்களா?”

பொங்கலூர் முகம்

பொங்கலூர்ப் பக்கம் பெரிய பண்ணையக்காரர் ஒருவர் காலமானார். பள்ளிக்கூடத்துக்கு நிலம் கொடுத்தவர். படம் போட்டே ஆகவேண்டும் என்றார் ஆசிரியர். அப்போது படம் என்றால் போட்டோவைக் கோயமுத்தூருக்கு அனுப்பி அச்சுக்கான உலோக பிளாக் செய்து வர வேண்டும். ஆனால் பண்ணையக்காரர் போட்டோப் பெட்டியின் முன் ஒரு நாளும் நின்றதில்லை. ஆயுள் குறையும் என்று பயம்.

மகன் யோசித்துவிட்டு ஒரு படம் கொண்டுவந்தார். யாருடையது என்று கேட்டால் சித்தப்பாவுடையது என்கிறார். அப்பாவும் சித்தப்பாவும் அச்சு அசலாம், சித்தப்பா கொஞ்சம் ஒல்லியாம். உயிரோடு இருக்கிற மனிதரின் படத்தை எப்படிப் போடுவது என்று நான் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும்போது, பின்னாலேயே அந்தச் சித்தப்பாவும் துண்டை உதறிக்கொண்டு உள்ளே வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன். மனிதர் என் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார்: “எனக்கொண்ணும் ஆச்சேபணை இல்லீங்க. பிளாக்க மட்டும் பத்திரமா வெச்சிருங்க, நாளைக்கு எனக்கும் ஆவும்.”

நல்ல குணம் ஒன்று

நூல் வியாபாரி ஒருவர். கடைவீதியில் செல்வாக்கு, கையில் இறுக்கம். அவர் போனதும் பலகை போட்டாகிவிட்டது, எழுதியாக வேண்டும். பக்கத்துக் கடைக்காரரிடம் போய், அவரிடம் உங்களுக்குப் பிடித்த நல்ல குணம் ஒன்று சொல்லுங்கள் என்றேன். அவர் கல்லாவில் உட்கார்ந்தபடி கூரையைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், எனக்குக் காபி வரவழைத்தார். நான் காபியைக் குடித்து முடிக்கிறவரை யோசித்துவிட்டுச் சொன்னார்: “யாருகிட்டயும் கை நீட்டுனதில்லீங்க, யாருக்கும் குடுத்ததுமில்லீங்க. நீங்க மொதப் பாதிய மட்டும் போட்டுக்குங்க.”

ஒரு திருத்தம்

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். வியாபாரி சங்கத் தலைவர் குப்புசாமியின் தகப்பனார் காலமானார். ஊரில் முதலில் பனியன் மிஷின் இறக்கியவர்களில் ஒருவர். நான் உருகி எழுதினேன், கட்டி வைத்த வரியும் தன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பத்திரிகை வெளிவந்த அன்றே வேலுச்சாமி முதலாளி ஆபீசுக்கு வந்தார். காதர்பேட்டையில் முன்பக்கம் கடையும் பின்பக்கம் தையலுமாக ஒரு பனியன் கம்பெனி நடத்தியவர். நெற்றி நிறைய விபூதி, வருஷம் தவறாமல் பழனிக்குப் பாதயாத்திரை, பேச்சு மட்டும் நறுக்கென்று இருக்கும். பத்திரிகையை விரித்து அந்த வரியில் விரலை வைத்தார். எல்லாக் கடையும் அடைக்கவில்லை, என் கடை திறந்திருந்தது, ‘எல்லாம்’ என்பதை எடுங்கள் என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சங்கத் தலைவரின் தகப்பனார் பாடை போகிறது, இவர் கடை மட்டும் திறந்திருந்ததா? ஏன் என்று கேட்டேன். பின்பக்கம் தைக்கிறவர்களும் மடிக்கிற பெண்களும் பீஸ் கணக்கில் கூலி வாங்குகிறவர்கள். பலகை போட்டால் அவர்களுக்கு அன்றைக்கு அரைக் கூலிதான். யார் செத்தாலும் நான் கடை அடைப்பதில்லை, துக்கத்துக்கு நான் நடந்து போய் மாலை போட்டுவிட்டு வருவேன் என்றார். சொன்னதில் குற்றம் காண முடியவில்லை. தேவசகாயம் அவர் கண்ணெதிரிலேயே நூலை அவிழ்த்து ‘எல்லாம்’ என்பதை எடுத்துவிட்டு வரியைத் திரும்பக் கட்டினார். முதலாளி திருப்தியாக எழுந்தார். வாசல் வரை போனவர் நின்று திரும்பி, “நாளைக்கு நானே போனாலும் எங்கடைய அடைக்கப்படாதுன்னு சொல்லிப்போட்டேனுங்க” என்றார்.

சரஸ்வதியம்மாள் கேட்டது

வேலுச்சாமி கடை திறந்திருந்த அந்த நாளை ஊர் மறக்கவில்லை. குப்புசாமி வேலுச்சாமியோடு பேசுவதை நிறுத்தினார். அவர் பேசாததால் மற்றவர்களும் அளந்து பேசினார்கள். இப்படியே சில வருஷம் போன பிறகு, ஒரு வியாழக்கிழமை விடியலில் வேலுச்சாமி முதலாளிக்கு மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக்கூட நேரம் கொடுக்கவில்லை. மூத்த மகள் பம்பாயிலிருந்து விமானம் பிடித்து வந்து சேர வேண்டும் என்பதால் மறுநாள் காலையில் எடுப்பதாக முடிவு. வெள்ளிக்கிழமை எங்கள் பத்திரிகை வெளிவருகிற நாள். விவரம் கேட்டுக்கொள்ள நான் மத்தியானம் அவர் வீட்டுக்குப் போனேன்.

அவருடைய மனைவி சரஸ்வதியம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பிறந்த ஊர், தொழில் தொடங்கிய விதம், கட்டிக்கொடுத்த மண்டபம் எல்லாம் மகன் சொன்னார். நான் எழுந்தபோது அம்மா கையைக் காட்டி உட்காரச் சொன்னார். “ஏனுங்க தம்பி, நாளைக்குக் கடைவீதியில பலகை போடுவாங்களா?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு மெதுவாகப் பேசினார். அன்றைக்குக் கடையைத் திறந்து வைத்தவர் கணவர். அதற்காகக் கல்யாண வீட்டிலும் கோயில் வாசலிலும் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டது இந்த அம்மாவைப் பார்த்து. இத்தனை வருஷமும் அவரிடம் அதைச் சொன்னதில்லை. நாளைக்கும் பலகை போடாவிட்டால் அந்தக் கோபத்தோடேயே ஊர் அவரை அனுப்பிவைத்ததாகிவிடும் என்பதுதான் அம்மாவின் வேதனை. பெண்கள் மயானத்துக்குப் போகிற வழக்கம் இல்லை; கடைவீதியில் நடப்பதை அவர் பார்க்க முடியாது. நான் வாசலை எட்டும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: “போட்டாலும் சரி, போடாட்டியும் சரி, நீங்க பாத்துட்டு வந்து எங்கிட்ட உள்ளதச் சொல்லிருங்க தம்பி.”

சங்கத்தின் முடிவு

எனக்கு மனசு கேட்கவில்லை. நேரே குப்புசாமி கடைக்குப் போனேன். அவர் கெட்ட மனிதர் அல்ல. உட்காரச் சொல்லி, நான் கேட்பதற்கு முன்பே பதிலைச் சொல்லிவிட்டார். மாலை அனுப்புவார், வீட்டுக்கும் போவார், ஆனால் சங்கம் பலகை போடச் சொல்லாது. பெரிய மனசு பண்ணக் கூடாதா என்று கெஞ்சாத குறையாகக் கேட்டேன். அவர் கல்லாப் பெட்டியை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். கோபம் என்று சொல்ல முடியாது, காயம் ஆறாத முகம் அது. பிறகு சொன்னார்: “எங்கப்பன எடுத்துட்டுப் போறப்ப அந்தக் கடையில மிஷின் ஓடுன சத்தம் இன்னும் என்ற காதுல கேக்குதுங்க.”

வெள்ளிக்கிழமைப் பத்திரிகை

பலகை போடாவிட்டால் எழுதாதே என்பது ஆசிரியரின் சட்டம். அன்று மட்டும் அவரே, பரவாயில்லை எழுது என்றார். எழுதினேன். கூலிக்காரர்களின் அரைக் கூலிக்காக ஊரின் கோபத்தைத் தாங்கியவர் என்று ஒரு வாக்கியமும் சேர்த்தேன். கடையடைப்பைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. சாயங்காலம் புரூப் பார்த்தேன், சரியாக இருந்தது, வீட்டுக்குப் போய்விட்டேன். புரூபில் எப்படி இருக்கும்? கட்டி வைத்த வரி பக்கம் கட்டும்போதுதானே வரும்.

காலையில் ஆபீசுக்குப் போய்ப் பத்திரிகையைப் பிரித்தால், என் குறிப்பின் கடைசியில் ‘அன்னாரின் மறைவையொட்டிக் காதர்பேட்டைக் கடைகள் அடைக்கப்பட்டன’. அடைக்கவே மாட்டோம் என்று சங்கம் சொல்லியிருக்கிறது, பாடை இன்னும் வீட்டைவிட்டே கிளம்பவில்லை, நாங்கள் அடைத்தாகிவிட்டது என்று அச்சடித்து அனுப்பிவிட்டோம். தேவசகாயத்தைப் பிடித்து உலுக்காத குறையாகக் கேட்டேன். அவர் ஜன்னலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பாவம், அவரிடம் யாரும் எதையும் சொல்லவில்லை. “பெரிய மனுசர்னு எழுதியிருந்தீங்க. பெரிய மனுசருக்கு அந்த வரி இல்லாம எப்படீங்க?”

முதல் பலகை

காதர்பேட்டைக்கு ஓடினேன். பிரதிகள் எனக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தன. முனைக் கடையில் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டிருந்தவர் எதிர்க்கடைக்குக் குரல் கொடுத்தார்: “சங்கத்துல முடிவு பண்ணிட்டாங்களாட்ட இருக்குதுங்க, நமக்குத்தான் சொல்லி உடலே.” எதிர்க்கடைக்காரர் மறுபேச்சில்லாமல் பலகையை எடுத்தார். அதைப் பார்த்துப் பக்கத்துக் கடை, அதைப் பார்த்து அடுத்தது. பத்திரிகையைப் பார்க்காதவர்கள்கூடப் பலகைச் சத்தத்தைக் கேட்டு எழுந்தார்கள். நான் நடுத்தெருவில் நின்று, இல்லை, அது தப்பாக அச்சாகிவிட்டது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர்கள் முகங்களைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். எல்லோரும் வெகுநாளாக இதற்குத்தான் காத்திருந்தது போலிருந்தது. முதல் பலகையைத் தான் போட யாருக்கும் துணிவில்லை, அவ்வளவுதான்.

குப்புசாமி தன் கடை வாசலில் கையில் பத்திரிகையோடு நின்றிருந்தார். அவர் கடை ஒன்றுதான் அந்த வரிசையில் மூடாமல் இருந்தது. போய்க் கைகூப்பி நடந்ததைச் சொன்னேன். அடுத்த வாரம் திருத்தம் போட்டுவிடுகிறோம் என்றேன். அவர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கடையாளைக் கூப்பிடாமல் தானே ஒரு பலகையைத் தூக்கினார். அதைக் காடியில் செருகிக்கொண்டே சொன்னார்: “இப்ப நாந் தெறந்து வெச்சா, அவரு பண்ணுனதையே நானும் பண்ணுனதா ஆயிருமுங்களே.”

ஒரே ஒரு கடை

பாடை கடைவீதிக்குள் வந்தபோது இரண்டு பக்கமும் பலகை மூடிக் கிடந்தது. வியாபாரிகள் மேல்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார்கள். தாரையும் தப்பட்டையும் நின்ற ஒரு கணத்தில் தையல் மிஷின் சத்தம் கேட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். வேலுச்சாமி முதலாளியின் கடை மட்டும் திறந்திருந்தது. குமாஸ்தா வாசலில் நின்று துண்டால் வாயைப் பொத்தி அழுதுகொண்டிருந்தார். தான் போனாலும் அடைக்கக் கூடாது என்று முதலாளி சொன்னதை அவர் அட்சரம் பிசகாமல் செய்திருந்தார். பாடை நெருங்கியதும் உள்ளே மிஷின்கள் நின்றன. தைக்கிறவர்களும் மடிக்கிற பெண்களும் எழுந்து வாசலுக்கு வந்து கும்பிட்டார்கள். பாடை தாண்டியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்கள், சத்தம் திரும்பத் தொடங்கியது. எனக்குப் பக்கத்தில் நடந்துகொண்டிருந்த குப்புசாமியின் முகத்தைப் பார்க்கப் பயந்துகொண்டே பார்த்தேன். மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணில் தண்ணீரோடு.

காரியம் முடிந்து வீட்டுக்குப் போனேன். சரஸ்வதியம்மாள் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். நான் வருவதைப் பார்த்ததும் பக்கத்தில் இருந்த பெண்களைப் பேச வேண்டாம் என்று கையமர்த்தினார். உள்ளதைச் சொல்லச் சொன்னவராயிற்றே, உள்ளதைச் சொன்னேன். பத்திரிகையில் நடந்த தப்பையும் மறைக்கவில்லை. குப்புசாமி தன் கையாலேயே பலகை போட்டதைச் சொன்னபோது அந்தப் பெண்களில் ஒருத்தி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரே ஒரு கடை மட்டும் திறந்திருந்தது என்றேன். எது என்று கேட்டார். உங்களுடையதுதான் என்றேன். இரண்டு நாளில் முதல் தடவையாக அம்மாவின் முகம் தளர்ந்தது. “அப்படீன்னா அவரு சொன்னதும் நடந்துபோச்சு, நாங் கேட்டதும் நடந்துபோச்சுங்க தம்பி.”

நடந்ததைப் பார்த்துவிட்டு வந்து நான் எழுதிய வரிகளில் எல்லாம் கொஞ்சம் பொய் கலந்திருந்தது. நடப்பதற்கு முன்பே, நான் எழுதாமலே அச்சான அந்த ஒரு வரிதான் எழுத்துக்கு எழுத்து உண்மையானது, அதையும் ‘எல்லாம்’ என்பதை எடுக்கச் சொல்லி முன்னாலேயே திருத்திக் கொடுத்துவிட்டுப் போனவர் வேலுச்சாமி முதலாளியே.